ஹபீப் தன்வீர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்?

தாகுர் ராம் பேர்போன நடிகர். சத்தீஸ்கர் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் நாச்சா கூத்தில் ஊறி வளர்ந்தவர். அவரை டெல்லிக்குக் கூட்டிவந்து, "இந்த வசனத்துக்கு இங்கே நில், அடுத்த வசனத்துக்கு வலப்பக்கம் மூன்றடி போ, முடித்ததும் திரும்பு" என்று சொல்லிக்கொடுத்தால் ஆள் மரக்கட்டையாகிவிட்டார். கால் போகிற இடத்துக்கு வாய் போகவில்லை, வாய் போகிற இடத்துக்குக் கை போகவில்லை. வசனமோ இந்தி. அது அவருக்குப் பள்ளிக்கூடத்து மொழி. பள்ளிக்கூடமும் பெரிதாகப் போனதில்லை.

அவரை இயக்கியவர் ஹபீப் தன்வீர். இந்திய நாடக உலகத்தில் இன்று பெரிய பெயர். பல தரப்பட்ட மனிதர்களை ஒரே மேடையில் ஏற்றி, அவர்கள் கலையை உலகத்துக்குக் காட்டியவர் என்று அவரைச் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் அந்த மேடையில் முதல் 15 வருஷம் என்ன நடந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தாகுர் ராம் ஏன் மரக்கட்டையானார் என்பது புரிய தன்வீருக்கு அவ்வளவு காலம் பிடித்தது. புரிந்த பிறகுதான் நாம் இன்று கொண்டாடும் நாடகங்கள் வந்தன. பன்முகத்தன்மை, எல்லோரையும் உள்ளடக்குதல் என்றெல்லாம் இப்போது கலை விழா அழைப்பிதழ்களில் அச்சடிக்கிறார்களே, அந்தச் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 15 வருஷம்தான் நினைவுக்கு வரும்.

தன்வீர் 1923இல் ராய்ப்பூரில் பிறந்தவர். இயற்பெயர் ஹபீப் அகமது கான். உருதுக் கவிதை எழுதப்போய்த் தன்வீர் என்ற புனைபெயர் ஒட்டிக்கொண்டது. 1940களில் பம்பாய்க்குப் போனார். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்து நடித்தார், பத்திரிகைகளில் எழுதினார். 1954இல் டெல்லி வந்து 'ஆக்ரா பஜார்' போட்டார்.

அந்த நாடகத்தின் கதையே ஒரு கைப்பிடிதான். ஆக்ராவில் கடைத்தெரு. வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. வெள்ளரிக்காய் விற்கிறவனுக்கு ஒரு யோசனை: தன் வெள்ளரிக்காயைப் பற்றி யாராவது ஒரு பாட்டு எழுதித் தந்தால் கூவி விற்கலாமே! புத்தகக் கடையில் கூடிப் பேசும் பெரிய கவிஞர்களிடம் போகிறான். விரட்டிவிடுகிறார்கள். வெள்ளரிக்காய்க்கெல்லாம் கவிதையா? கடைசியில் நஜீர் அக்பராபாதி எழுதித் தருகிறார். வெள்ளரி விற்றுத் தீர்கிறது. பிறகு லட்டுக்காரன், தர்பூசணிக்காரன் என்று எல்லோரும் நஜீர் வீட்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். நஜீர் உண்மையிலேயே வாழ்ந்த கவிஞர், 1830இல் இறந்தவர். எள்ளுருண்டை, ஹோலி, ஈத், கரடிக்குட்டி, நீச்சல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாடியவர். அவர் காலத்து இலக்கியப் பெரியவர்கள் அவரைக் கவிஞர் கணக்கில் சேர்க்கவில்லை. நாடகத்தில் தன்வீர் ஒரு வேலை செய்தார்: நஜீரை மேடைக்கே கொண்டுவரவில்லை. பாட்டு மட்டும் வரும். அதைப் பிச்சைக்காரர்களும் கடைக்காரர்களும் பாடுவார்கள்.

நடித்தவர்கள் ஜாமியா மில்லியா மாணவர்கள், ஆசிரியர்கள், பக்கத்து ஓக்லா கிராமத்துச் சனங்கள். கடைத்தெருவைக் காட்டக் கடைத்தெருவில் நடமாடுகிறவர்களையே கூட்டிவந்துவிட்டார். இதெல்லாம் அவருக்கு அப்போது கொள்கையாக இருந்ததா, ஆள் கிடைத்த வசதியா என்று யோசித்தால், இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. நல்ல காரியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன.

1955இல் இங்கிலாந்து. லண்டனில் புகழ்பெற்ற ராயல் அகாடமியில் நடிப்புப் படிப்பு. அங்கே சொல்லித்தருவதெல்லாம் ஆங்கிலம் பேசும் வாய்க்கான பயிற்சி. அதை வைத்துக்கொண்டு நான் ஊரில் என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிட்டது. பாதியில் விட்டுவிட்டு பிரிஸ்டலில் இயக்கம் படித்தார். அப்புறம் ஐரோப்பா முழுக்க ஊர்சுற்றல். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைப் பார்க்க வேண்டும் என்று பெர்லின் போய்ச் சேர்ந்தபோது பிரெக்ட் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் இறந்தது 1956 ஆகஸ்ட் 14. ஆனாலும் பிரெக்டின் குழு நடத்திய நாடகங்களைத் தன்வீர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். எளிமை, கதைக்கு நடுவே வந்து கதையைச் சீண்டும் பாட்டு, நடிகர் 'நான் நடிக்கிறேன்' என்று ஒளிக்காமல் நிற்பது எல்லாவற்றையும் பார்த்தவருக்கு, இதை எங்கேயோ ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்று பட்டிருக்க வேண்டும்.

பார்த்த இடம் நாச்சா.

தெருக்கூத்து பார்த்த தமிழருக்கு நாச்சாவை விளக்குவது சுலபம். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். மூன்று பக்கமும் சனம் உட்கார்ந்திருக்கும். நம் கட்டியக்காரன்போல அங்கே 'ஜோக்கட்' உண்டு. ராஜாவையும் பண்டிதரையும் பண்ணையாரையும் அவன் கிண்டலடிக்கலாம், யாரும் கேட்க முடியாது. நம் ஸ்திரீபார்ட்போல ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள். அந்த வேஷத்துக்குப் 'பரி' என்று பேர். எழுதிவைத்த பிரதி கிடையாது. கதையின் எலும்பு எல்லோருக்கும் தெரியும், சதை அன்றைக்குக் கூடிய கூட்டத்தைப் பொறுத்தது. நம் கூத்திலிருந்து ஒரு பெரிய வித்தியாசம்: நாச்சாவில் பாரதக் கதை, புராணம் அதிகம் கிடையாது. மாமியார், மருமகள், கஞ்சப் பண்ணையார், ஏமாற்றுப் பூசாரி, குடிகாரன் என்று எல்லாம் ஊர்க்கதை. ஒரே இரவில் மூன்று நான்கு சின்ன நாடகங்கள் போகும், நடுவே ஆட்டம் பாட்டு.

பழைய நாளில் வாத்தியக்காரர்கள் வாத்தியத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடிகருக்குப் பின்னாலேயே தீவட்டி வெளிச்சத்தில் நின்று வாசிப்பார்கள். அதை மாற்றியவர் ராஜ்நாந்த்காவ் பக்கம் ரவேலி கிராமத்தைச் சேர்ந்த மந்தராஜி தாவு என்ற நிலக்கிழார். 1920களின் கடைசியில் ஒரு குழுவைக் கட்டி, ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து, வாத்தியக்காரர்களை உட்காரவைத்தார். சொத்தையெல்லாம் நாச்சாவுக்கே கரைத்தவர். அவரைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. தன்வீர் பின்னால் அள்ளிக்கொண்டு போன கலைஞர்களில் பலர் அவர் வளர்ப்பு.

1958இல் ஊர் திரும்பிய தன்வீர் ராய்ப்பூரில் இரவு முழுக்க நாச்சா பார்த்தார். பிடித்த ஆறு பேரை டெல்லிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். மதன் லால், தாகுர் ராம், புல்வா ராம், லாலு ராம் எல்லாம் அந்த ஆறு பேரில் வருகிறவர்கள். இவர்களையும் நகரத்து நடிகர்களையும் கலந்து போட்டது, சூத்திரகரின் சமஸ்கிருத நாடகமான மிருச்சகடிகத்தின் இந்தி வடிவம், 'மிட்டி கீ காடி'. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். காளிதாசனும் சூத்திரகரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கிராமத்துக் கூத்தாடிக்கு என்ன வேலை?

இதில் தன்வீர் பிடித்த நூல் அருமையானது. சமஸ்கிருத நாடகத்தில் காட்சி சட்டென்று வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து தோட்டத்துக்குப் போகும். படச்சட்ட மேடையில் இதைக் காட்ட வேண்டுமென்றால் திரையை ஏற்றி இறக்கியே கை ஓய்ந்துவிடும். நாச்சாக்காரருக்கோ இது ஒரு பிரச்சினையே இல்லை. மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தால் ஊர் மாறிவிட்டது. நம் கூத்திலும் இதே வழக்கம்தானே? வனத்துக்குப் போகிற பாண்டவர் களரியை ஒரு வலம் வந்தால் வனம் வந்துவிடும். ஆக, படித்தவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பழைய நாடகத்தை எப்படி ஆடுவது என்கிற சூட்சுமம், அவர்கள் ஏளனம் செய்த கூத்துக்காரர் காலில் இருந்தது.

1959இல் மோனீகா மிஸ்ராவோடு சேர்ந்து 'நயா தியேட்டர்' தொடங்கினார். மோனீகா அவர் மனைவியானார், கடைசிவரை குழுவைத் தாங்கிப் பிடித்தவரும் அவர்தான். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள்போல இதுவும் ஒரு வரியோடு அவரைக் கடந்துபோகிறது.

இனி அந்த முதல் 15 வருஷத்துப் பிழைக்கு வருவோம். கிராமத்துக் கலைஞர்கள் மேடையில் இருந்தார்கள். சம்பளம் வாங்கினார்கள். விளம்பரத்தில் பேரும் வந்திருக்கும். இன்றைய கணக்கில் 'உள்ளடக்குதல்' முடிந்தது. ஆனால் நாடகம் சரியாக வரவில்லை. ஊரில் பார்த்த தாகுர் ராமை டெல்லி மேடையில் காணோம். தன்வீர் பிற்காலத்துப் பேட்டிகளில் இதை ஒளிக்காமல் பேசியிருக்கிறார். அவர் சொன்ன காரணம் இரண்டு.

ஒன்று, நடை. மூன்று பக்கம் சனம் உட்கார்ந்த களத்தில் பழகியவர், எந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வருகிறதோ அந்தப் பக்கம் போவார். கூட்டம் அவரை இழுக்கும், அவர் கூட்டத்தை இழுப்பார். அவர் மேடையில் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பது அந்த இழுபறி. அவரைப் பிடித்து, சாக்பீஸ் கோடு போட்டு இங்கேதான் நில் என்றால், அவரிடமிருந்து பார்வையாளரையே பிடுங்கிவிட்டதாக ஆகிறது. இரண்டு, மொழி. சத்தீஸ்கரியில் பேசினால் தேன்போல ஓடும் வாய், இந்தியில் தட்டுத்தடுமாறியது. தப்பு இந்தி பேசும் பட்டிக்காட்டான் என்று டெல்லிக் காதுகளுக்குக் கேட்டது. உலகத்திலேயே சரளமான ஒரு பேச்சுக்காரரைத் திக்குவாயராக்கிக் காட்டியிருந்தார்கள்.

இந்த இரண்டு காரணங்களையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நடிகர் கற்றுக்கொள்ள வேண்டியது பாக்கி என்று தன்வீர் முடிவுக்கு வந்திருக்கலாம். பேச்சுப் பயிற்சி, மேடைப் பயிற்சி, ஆறு மாதப் பட்டறை என்று போயிருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் அப்படித்தான் போகின்றன: உள்ளே வா, வந்து எங்களைப்போல ஆகு. லண்டனில் அவருக்கே அதுதான் நடந்தது. ஆங்கிலம் பேசும் வாய்க்காகச் செய்த பயிற்சி தனக்கு உதவாது என்று வெளியே வந்தவர், டெல்லியில் இன்னொருவருக்கு அதையே செய்துகொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில்தான் தான் கற்றுத்தருகிற முறையிலேயே கோளாறு என்று பிடிபட்டது.

பிடிபட்டதும் முதலில் போனது இந்தி. சத்தீஸ்கரியிலேயே பேசுங்கள் என்றார். டெல்லிக்காரருக்குப் புரியாதே என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். புரிகிறவரை புரியட்டும். அடுத்து போனது கோடு போட்ட நடை. அதற்கடுத்து, இதுதான் பெரிய விஷயம், எழுதிவைத்த வசனம் போனது. அவர் குழுவில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை ஒரு குறையாகப் பார்த்தவரை, யாரோ வாசித்துக்காட்ட அவர்கள் உருப்போட வேண்டியிருந்தது. இப்போது முறை தலைகீழானது. தன்வீர் சூழ்நிலையைச் சொல்வார், நடிகர்கள் பேசிப் பார்ப்பார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார், நல்லதை நிறுத்திவைப்பார், மற்றதை விடுவார். எழுத்து பேச்சுக்குப் பின்னால் வந்தது.

1973இல் ராய்ப்பூரில் ஒரு மாதம் போல நாச்சாப் பட்டறை நடத்தினார். வேறு வேறு குழுக்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடினார்கள். நாச்சாவில் ஏற்கெனவே ஆடிவந்த மூன்று சிரிப்பு நாடகங்களை எடுத்து, தையல் போட்டு ஒன்றாக்கினார்கள். 'ஊர் பேர் மாமியார் வீடு, என் பேர் மாப்பிள்ளை' என்று தலைப்பு. காசுக்கு ஆசைப்பட்டுப் பெண்ணைக் கிழவனுக்குக் கட்டிவைக்கிற அப்பன், அவளை மீட்கிற காதலன் என்று தேய்ந்த கதைதான். மார்கழி, தை வாக்கில் வரும் பௌர்ணமியை ஒட்டி அங்கே சேர்சேரா என்று ஒரு திருவிழா உண்டு, பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் புது நெல் கேட்டு வாங்குவார்கள். அந்த விழாவின் ஆட்டமும் பாட்டும் நாடகத்துக்குள்ளே வந்து உட்கார்ந்தன. டெல்லியில் இதைப் போட்டபோது மொழி ஒரு தடையாக இல்லை. தன்வீருக்குத் தைரியம் வந்தது.

பெண்கள் வந்ததும் இந்தக் காலத்தில்தான் அழுத்தம் பெற்றது. பரி வேஷம் கட்டும் ஆண்கள் இருந்த இடத்துக்கு ஃபிதா பாய், மாலா பாய் போன்றவர்கள் வந்தார்கள். ஃபிதா பாய் தேவார் என்ற நாடோடிப் பாடகர் சாதியைச் சேர்ந்தவர். ஊர் ஊராகப் பாடிப் பிழைத்த அந்தச் சாதிப் பெண்களை ஊர் பாட்டுக்குக் கூப்பிடும், மரியாதைக்குக் கூப்பிடாது. அவர் மேடையில் ராணியாக வந்தார்.

எந்த ராணி? 'சரண்தாஸ் சோர்', அதாவது 'திருடன் சரண்தாஸ்' நாடகத்து ராணி.

அந்த நாடகம் உருவான விதத்தைப் பிரித்துப் பார்த்தால் இது யாருடைய படைப்பு என்ற கேள்விக்கு லேசில் பதில் சொல்ல முடியாது. கதை ராஜஸ்தானத்தைச் சேர்ந்தது. எழுத்தாளர் விஜய்தான் தேத்தா ஊரில் கேட்டு எழுதிய நாட்டார் கதை. ஒரு திருடன் சாமியாரிடம் விளையாட்டாகச் சத்தியம் செய்கிறான்: தங்கத் தட்டில் சாப்பிட மாட்டேன், யானைமேல் ஊர்வலம் போக மாட்டேன், ராணியைக் கட்டிக்கொள்ள மாட்டேன், ராஜாவாக மாட்டேன். திருடனுக்கு இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது! குரு தன் பங்குக்கு ஒன்று சேர்க்கிறார்: பொய் சொல்லக் கூடாது. திருட்டை விடச் சொன்னால் பிழைப்புப் போய்விடும், பொய்யை வேண்டுமானால் விடுகிறேன் என்கிறான். பிறகு ஒவ்வொன்றாக அவன் முன்னே வந்து நிற்கிறது. தங்கத் தட்டு வருகிறது, யானை வருகிறது, கடைசியில் ராணியே என்னைக் கட்டிக்கொள் என்கிறாள். மாட்டேன் என்கிறான். சரி, நான் கேட்டதையாவது வெளியே சொல்லாதே என்கிறாள். கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன் என்கிறான். உயிர் போகிறது.

இந்தக் கதையை வைத்துத் தன்வீர் ஒத்திகை பார்த்தபோது சரியாக அமையவில்லை. பிறகு 1974 வாக்கில் பிலாய்ப் பக்கம் ஒரு பட்டறை. அங்கே சத்நாமிகளின் பெரிய கூட்டம் கூடியிருந்தது. சத்நாமிகள் சத்தீஸ்கரின் தலித் மக்களில் பெரும்பகுதியினர் பின்பற்றும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் பிறந்த குரு காசிதாஸ் தந்த மார்க்கம். சிலை கிடையாது, சாதி கிடையாது, உண்மையே கடவுள். வெள்ளைக் கொடி ஏற்றிய கம்பம் அவர்கள் அடையாளம். பந்தி என்ற வேகமான ஆட்டமும் பாட்டும் அவர்களுடையது. உண்மையே கடவுள் என்கிற சனத்துக்கு முன்னால், உண்மைக்காகச் சாகும் திருடன் கதை! தன்வீருக்குப் பொறி தட்டியது. அரைகுறையாக இருந்த நாடகத்தை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, அந்தந்த நேரத்துப் பேச்சோடு அங்கேயே ஆடிக்காட்டினார்கள். பேர்கூடச் சரியாக வைக்கவில்லை, 'சோர் சோர்' என்று போட்டார்கள். சனம் பிடித்துக்கொண்டது.

திருடனுக்கு முதலில் அமர்தாஸ் என்று பேர் வைக்க நினைத்தார் தன்வீர், செத்தும் சாகாதவன் என்ற அர்த்தத்தில். சத்நாமிகள் அது எங்கள் குரு ஒருவரின் பேர், வேண்டாம் என்றார்கள். மாற்றினார். சரண்தாஸ் என்று நின்றது. தன்வீர் வேலை செய்த விதத்தை இந்தச் சின்னச் சம்பவம் அளவுக்கு வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

பந்தி ஆட்டம் உள்ளே வந்தது. நாடகமே சத்தியநாமத்தைப் பாடும் பந்திப் பாட்டோடுதான் தொடங்கும். மற்றப் பாட்டுகளைச் சுவர்ண குமார் சாஹூ, கங்காராம் சாகேத் என்ற உள்ளூர்க் கவிஞர்கள் சத்தீஸ்கரியில் எழுதினார்கள். தேத்தாவின் கதையில் திருடன் செத்த பிறகும் ராணியின் சூது வேறொரு பக்கம் தொடரும். நாடகம் திருடன் சாவோடு நிற்கிறது, சனங்கள் அவனைக் கும்பிடத் தொடங்குகிறார்கள். ஆக, ராஜஸ்தானத்துக் கதை, சத்நாமிகளின் சத்தியமும் ஆட்டமும், நாச்சாக்காரரின் பேச்சு, பெர்லினில் கண்ட பாட்டு உத்தி, ஓர் உருதுக் கவிஞரின் கத்தரிக்கோல். 1975இல் முழு வடிவம் வந்தது. அதே வருஷம் ஷியாம் பெனகல் இதைக் குழந்தைகள் படமாக எடுத்தார், ஸ்மிதா பாட்டீல் ராணியாக. 1982இல் எடின்பரோ விழாவில் நாடகம் 'ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட்' விருது வாங்கியது. சத்தீஸ்கரியில்தான் ஆடினார்கள்.

நான் இதைப் பார்த்தது பழைய வீடியோப் பதிவில். ஒலி இரைச்சல், படம் மங்கல், மொழி சுத்தமாகத் தெரியாது. திருடனும் ஹவல்தாரும் துரத்திக்கொள்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்டு நடக்காத கால்களின் சுகம் அந்தப் பதிவிலும் தெரிகிறது.

இவ்வளவையும் வாசித்துவிட்டுத் தன்வீர் எல்லாவற்றையும் கிராமத்துக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் கறாரான எடிட்டர். நாச்சாவில் அப்போதே சினிமாப் பாட்டு புகுந்துவிட்டது. அதை வெளியே தள்ளினார். இரவு முழுக்க ஓடுவதை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். 'பகதூர் கலாரின்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோரர் என்ற கிராமத்தில் வாய்வழியாக வரும் கதை. சாராயம் விற்கும் அழகான ஒரு பெண், அவள் மகன். அவன் ஆறு கோரியும் ஆறும், அதாவது இருபதிருபதாக ஆறு முறையும் மேலே ஆறும், மொத்தம் 126 பெண்களைக் கட்டுகிறான், ஒருத்தியிடமும் மனசு நிற்கவில்லை. கடைசியில் தன் மனசு தேடுவது தாயையே என்று தெரியவருகிறது. அவள் ஊரில் யாரும் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரக் கூடாது என்று தடுத்து, தாகத்தில் கிணற்றுக்கு வந்தவனைத் தள்ளிவிடுகிறாள், தானும் செத்துப்போகிறாள். அந்தப் பக்கம் பாறைகளில் இருக்கும் குழிகளைக் காட்டி, அந்த 126 மருமகள்களும் நெல் குத்திய உரல்கள் இவை என்பார்கள். கிரேக்கத்து ஈடிபஸ் கதை இங்கே ஓர் உரல் குழியில் கிடப்பதைப் பார்க்கும் கண் தன்வீருடையது. லண்டன் போகாத ஒருவருக்கு அந்தக் கண் வந்திருக்காது. ஆனால் அந்தத் தாயின் பாரத்தைச் சுமக்கிற குரல் ஃபிதா பாயுடையது. டெல்லி நாடகப் பள்ளியில் அதைத் தேடினால் கிடைத்திருக்காது.

குறை சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதில் பொருளும் உண்டு. நல்ல நடிகர்களையெல்லாம் டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனதால் ஊர்க் குழுக்கள் மெலிந்துபோயின என்பது ஒன்று. மந்தராஜி தாவு கடைசிக் காலத்தில் வறுமையில்தான் இருந்தார், 1984இல் இறந்தார். கட்டிவளர்த்த குழு அதற்கு வெகு காலம் முன்பே சிதறிவிட்டது. இன்னொன்று பேர். சுவரொட்டியில், பாடப்புத்தகத்தில், விருதுப் பட்டியலில் நிற்பது தன்வீர். அவருக்குப் பத்மஸ்ரீ 1983இலும் பத்மபூஷண் 2002இலும் வந்தன. சரண்தாஸாக நடித்த கோவிந்த் ராம் நிர்மல்கருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2009இல். அதற்குள் அவர் உடல் முடியாமல் ஊரோடு இருந்தார். இதில் தன்வீரின் தப்பு எவ்வளவு, விருது கொடுக்கிறவர்கள் பார்வையின் தப்பு எவ்வளவு என்று பிரிக்க என்னால் ஆகவில்லை. ஒத்திகையில் சமமாக நடத்துவது ஒரு இயக்குநரால் முடியும். ஒத்திகை அறைக்கு வெளியே இருக்கிற உலகம் பேர் எழுதும்போது பழைய வரிசையில்தான் எழுதும்.

நாச்சாவுக்கு ஒரு கூர்மை உண்டு, அதை நகரம் எப்போதும் ரசித்ததில்லை. 'போங்கா பண்டித்' 1930களிலேயே நாச்சாக்காரர்கள் கட்டிய நாடகம். துப்புரவு வேலை செய்யும் பெண் கோயிலுக்குள் வருகிறாள், தீட்டு தீட்டு என்று துள்ளும் பூசாரியின் ஆசைகளும் பேராசைகளும் அம்பலமாகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்துச் சனம் பார்த்துச் சிரித்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பருக்குப் பிறகு அது திடீரென்று இந்து மதத்துக்கு எதிரான நாடகம் ஆகிவிட்டது. இயக்குநர் முஸ்லிம் என்பது போதுமானதாக இருந்தது. 2003இல் மத்தியப் பிரதேசத்தில் நாடகம் போன பல ஊர்களில் கலாட்டா செய்து நிறுத்தப் பார்த்தார்கள். எழுபது வருஷமாக இந்துக் கிராமத்தாரே ஆடி, இந்துக் கிராமத்தாரே பார்த்த நாடகம். அந்தச் சின்ன விவரம் யாருக்கும் தேவைப்படவில்லை. தன்வீர் அப்போது எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நாடகத்தை நிறுத்தவில்லை.

நமக்கு இதில் ஒரு சொந்தக் கிளை உண்டு. அதே 1970களில் எழுத்தாளர் ந. முத்துசாமி, தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்துக் குழுவின் கூத்தைப் பார்த்தார், மிரண்டுபோனார், கூத்தை நாடகம் என்றே மதிக்காத சென்னை அறிவாளிகளிடம் அதற்காக வாதாடி எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து இளைஞர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். ஆனால் அங்கும் இங்கும் ஒரு வித்தியாசம் பார்க்கலாம். கூத்துப்பட்டறையில் நகரத்து நடிகர்கள் கூத்தின் உடம்பைக் கற்றுக்கொண்டு தங்கள் நாடகத்தை ஆடினார்கள். புரிசைக் குழு தன் ஊரில், தன் பேரில், தன் தம்பிரான்களோடு தொடர்ந்து ஆடியது. நயா தியேட்டரில் கிராமத்து நடிகரே குழுவாக இருந்தார். எது மேல் என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் சொல்வேன். ஃபிதா பாய் மாதிரி ஒருவர் மேடை நடுவில் நிற்க வேண்டுமென்றால் தன்வீர் வழி. மந்தராஜியின் குழு சிதறாமல் இருக்க வேண்டுமென்றால் புரிசை வழி.

2009 ஆகஸ்டில் சத்தீஸ்கர் அரசு, பள்ளிகளில் நடந்த வாசிப்பு வாரத்தில் 'சரண்தாஸ் சோர்' நூலை வாசிக்கக் கூடாது என்று தடுத்தது. கேட்டது சத்நாமிகளில் ஒரு தரப்பினர். எங்கள் குருவைப் பின்பற்றுகிறவனைத் திருடனாகக் காட்டுகிறது என்பது அவர்கள் குறை. நாடெங்கும் நாடகக்காரர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். நூலைத் தடுப்பது எந்தக் கேள்விக்கும் பதிலாகாது. ஆனால் கேட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று பலர் எழுதியதை வாசிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. எந்தச் சனத்தின் முன்னால் அந்த நாடகம் முதலில் ஆடப்பட்டதோ, யார் பாட்டோடு அது தொடங்குகிறதோ, யார் சொல்லித் திருடனின் பேரே மாறியதோ, அவர்களில் சிலர்தான் 35 வருஷம் கழித்து மறுபடி ஏதோ கேட்க வந்திருந்தார்கள். இந்த முறை அவர்கள் போனது அரசாங்கத்திடம். ஒத்திகையை நிறுத்தி, சரி, என்ன வேண்டாம் என்கிறீர்கள், சொல்லுங்கள் என்று உட்காரக்கூடியவர் இரண்டு மாதம் முன்பு, ஜூன் 8 அன்று, போபாலில் இறந்துபோயிருந்தார்.